ஏறத்தான் காசு

எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
ஏறத்தான். இறங்குவது இலவசம்.
திபிலிசிக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஏதுமில்லை.
வார்சாவில் பிறந்த நுட்சாவுக்கோ
தெருமுனை ராட்டினம் வீட்டுக்குள் வந்த மாதிரி.

பிப்ரவரியிலிருந்தே சேர்த்துவந்தேன்,
வெள்ளரி ஊறுகாய் ஜாடி நிறைய
பத்துத் தெத்ரிக் காசுகள்.
"என் கல்லாவே காலி, ஜும்பர்.
அப்படி என்னதான் செய்கிறாய் சில்லறையை?"
ரொட்டிக்கடை லியானா கேட்டுக்கொண்டேயிருந்தாள்.
நான் வாய் திறக்கவில்லை.
சொன்னால் வராமல் போய்விடுவார்களோ என்று
ஒரு பயம்.

வந்தார்கள்.
டிசம்பர் இருபத்தெட்டு, மழையும் பனியும் கலந்து கொட்ட.
மெடெயா, பிள்ளைகள் இரண்டோடு.
பொலோன்யாவிலிருந்து ஒட்டார், தனியாக,
நெற்றிக்கு மேல் வழுக்கை விழத் தொடங்கி.
என் தலை அது.
அவனுக்கு நான் எழுதிவைத்த ஒரே சொத்து.

நூற்றுப் பன்னிரண்டு தடவை ஏறியது லிஃப்ட்.
கணக்கு ஜாபாவுடையது.
ஒன்பது வயது, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுவான்.
நாலாம் மாடி குராம் கதவைத் திறந்து கத்தினார்:
"மற்ற மனுஷர் எப்போதுதான் வீடு போய்ச் சேர்வது?"
நுட்சா அவர் உள்ளங்கையில் ஒரு காசை வைத்தாள்.
முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டார்.

வேறென்ன செய்தோம்?
பெரிதாக ஒன்றுமில்லை.
மலைக்குப் போகும் கேபிள் கார் காற்றென்று மூடிக்கிடந்தது.
கொசினாக்கி கிண்டினேன், தேனும் வாதுமையுமாக.
கல்லாகிவிட்டது.
ஒட்டார் சுத்தியல் எடுத்துவந்தான்.
பால்கனித் தரையில் உட்கார்ந்து உடைத்துத் தின்றோம்.
மெடெயா சிரித்தாள்,
முன்பல்லின் உடைந்த ஓரம் தெரிந்தது.
ஏழு வயதில் இதே லிஃப்டின் கதவில் உடைத்துக்கொண்டது.
அங்கே போய்ச் சரிசெய்துகொண்டிருப்பாள் என்றிருந்தேன்.
செய்யவில்லை.
ஏன் என்று கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவர் பின் ஒருவராகக் குளித்ததில்
வெந்நீர் தீர்ந்துபோயிற்று.
பதினோரு வருடமாக எனக்குத் தீராத வெந்நீர்.
சோப்பு நுரையோடு நடுங்கியபடி நின்றேன்,
அப்படியொரு சந்தோஷத்தில்.

ஜனவரி இரண்டு எங்களுக்கு பெதோபா.
அந்த நாள் கழிகிற மாதிரிதான்
ஆண்டு முழுதும் கழியும் என்பார்கள்.
விமானமும் அன்றைக்கே, விடிகாலை நாலு நாற்பதுக்கு.
மலிவு டிக்கெட்.
"நாங்கள் கிளம்பிப்போகிற நாளா உங்கள் வருஷத்துக்கு வாய்க்க வேண்டும், அப்பா?"
மெடெயாவின் குரல் இறங்கிவிட்டது.

நான் கணக்குச் சொன்னேன்:
டாக்சி ஒன்றரைக்கு.
நள்ளிரவிலேயே பெதோபா பிறந்துவிடுகிறது.
ஆக, தொண்ணூறு நிமிடம் நம் கையில்.
"மீதி இருபத்திரண்டரை மணி நேரம்?" என்றான் ஜாபா.
"அப்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன்."

அந்தத் தொண்ணூறு நிமிடத்தில்
ஆறிப்போன லோபியோவை
ஒரே சட்டியிலிருந்து எல்லோரும் வழித்தோம்.
பெட்டியின் எடைக்காக அக்காளும் தம்பியும் சண்டைபோட்டார்கள்,
பள்ளிக்கூடக் காலத்து வசவுகள் ஒன்றுவிடாமல்.
நுட்சா என் இடது கையில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்,
ஒரு காலில் மட்டும் காலுறை.
கை மரத்தது.
அசைக்கவில்லை.
ஆண்டு முழுக்க மரத்தே கிடக்கட்டும்.

பிறகு இறங்கினோம், இலவசமாக.
பெட்டிகளோடு இரண்டு நடை.

டாக்சியின் பின்விளக்கு
மருந்துக்கடை முனையில் திரும்பியது.
லிஃப்டுக்கு வந்து சட்டைப்பையைத் துழாவினேன்.
ஒன்றுமில்லை.
ஜாடியையும் அவர்கள் நேற்றே காலிசெய்துவிட்டார்கள்.
படியேறினேன்.
நாலாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது
குராமின் கதவு திறந்தது.
இரவு உடை, கலைந்த தலை.
பேச்சில்லை.
நுட்சா தந்த காசை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.
லிஃப்டில் போடவில்லை.
மிச்ச நாலு மாடியும் நடந்தே ஏறி
விளக்குப் போடாமல் ஜாடியைத் தேடி எடுத்தேன்.

வெறும் ஜாடிக்குள் ஒற்றைக் காசு
எவ்வளவு சத்தம் போடுகிறது.